கையைக் கடிக்காத பிஸ்டல்

அன்பு மகள் ஆரணிக்கு,

"அம்மா, வாங்கவோ, விடவோ? ஒரு சொல்லில சொல்லுங்கோ" என்று நேற்று வட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறாய். ஒரு சொல்லில் பதில் சொல்லத் தெரிந்த பெண்ணை உன் அப்பா கட்டியிருந்தால் அவருடைய தலையில் இன்றைக்கும் நாலு மயிர் மிஞ்சியிருக்கும். இது உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறாய் என்றால் உனக்கு வேண்டியது கொஞ்சம் நீளமான பதில் என்று நான் விளங்கிக்கொண்டேன். ஆகவே ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஆறுதலாக எழுதுகிறேன். நீயும் ரயிலில் தொங்கிக்கொண்டு வாசிக்காமல் ஆறுதலாக வாசி. விரும்பினால் மயூரனுக்கும் காட்டு. வேறு யாருக்குக் காட்டினாலும் எனக்குக் கவலை இல்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். ஆவணியில் உனக்கும் மயூரனுக்கும் கலியாணம். அதற்குப் பிறகு ஷாஃப்ஹவுசன் நகரத்துக்குக் குடிபோகிறாய். இத்தனை வருடம் நீ சுட்டுப் பழகிய பிஸ்டல் இங்குள்ள கிளப்பின் சொத்து, அது உன்னோடு வராது. சொந்தமாக ஒன்று வாங்க எங்கள் கன்டோன் அரசாங்கம் தந்த அனுமதிப் பத்திரம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. கடையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று நீ பழகியதைப் போன்ற பழைய அசல், யாரோ பாவித்தது. மற்றது அதே மாதிரியை ஒரு கொம்பனி இப்போது புதிதாகச் செய்து விற்கிறது. பழையது உன் கையைக் கடிக்கிறது. புதியது அசல் இல்லை என்கிறாய். ஆகவே இரண்டும் வேண்டாம், சுடுவதையே விட்டுவிடலாம் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறாய். "கலியாணத்துக்குப் பிறகு நேரமும் கிடைக்காதுதானே அம்மா" என்று ஒரு வாலையும் சேர்த்துக்கொண்டாய். அந்த வால்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பிஸ்டல் இல்லாமல் ஆயிரம் பேர் சந்தோஷமாக இருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி. ஆனால் சனிக்கிழமைகளில் உன் முகத்தில் வருகிற சிரிப்பு போய்விடுமோ என்று நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

சாமான் வாங்குவதில் உன் அம்மாவின் பெயர் ஊரறிந்தது. மீன்கடையில் செவுளைத் திறந்து பார்க்காமல் நான் மீன் வாங்கியதில்லை. இப்போது அந்தக் கடைக்காரர் என்னைக் கண்டதும் தானாகவே கையுறையை நீட்டுகிறார். தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்றை நான் திரும்பத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நீ பத்திரிகைத் தட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, இந்த மனிசி யாரோ என்கிற பாவனையில் சமையல் புத்தகம் வாசித்தாய். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது, சமையலில் ஒரு அக்கறையும் இல்லை. எதை எடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பேன். பிறகு குறை சொல்வேன். பிறகு மற்றக் கடையில் பார்ப்போம் என்பேன். இவ்வளவும் முடிந்த பிறகும் அந்தச் சாமான் என் மனதை விட்டுப் போகாவிட்டால்தான் வாங்குவேன். அப்படிப்பட்ட என்னை நீ ஒரு பிஸ்டல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாய். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதைகளில் அதுவும் ஒன்று என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

இந்தச் சுடுகிற பழக்கம் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். நீ லேரே என்கிற தொழிற்பயிற்சியை முடிக்கிற வருடம். உன்னோடு வேலை பழகிய பெட்டை ஒருத்தி தங்கள் ஊர்ச் சுடும் கிளப்புக்கு உன்னைக் கூட்டிப்போனாள். வீட்டில் நீ "ஸ்போர்ட்" என்று மட்டும் சொன்னாய். உன் பைக்குள் பெரிய காதுக் கவசம் ஒன்றைக் கண்டபோது நான் பாட்டுக் கேட்கிற சாமான் என்றுதான் நினைத்தேன். மாட்டிப் பார்த்தேன். பாட்டும் வரவில்லை, உன் அப்பா கூப்பிட்டதும் கேட்கவில்லை. இரண்டாவது விஷயம் எனக்குப் பிடித்துப்போய், ஒரு கிழமையாக அதை மாட்டிக்கொண்டே வீடு துடைத்தேன். அதைக் கண்டு நீ சிரித்த சிரிப்பில்தான் உண்மையும் வெளியே வந்தது.

எங்கள் காலத்தில் ஊரில் பிஸ்டல் என்பது யாரோ ஒருவருடைய சேட்டுக்குள், இடுப்பில் இருக்கும். பார்ப்பதும் பிழை, பார்க்காததுபோல் இருப்பதும் பிழை. அந்தச் சொல்லை நீ சோற்றுக் கோப்பையோடு இருந்து சாதாரணமாகச் சொன்னபோது உன் அப்பா சாப்பிட்ட கையோடு எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினார். சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில், நாலாம் மாடியில், அதை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் சாத்தினார். நான் பெரிதாகச் சத்தம் போட்டேன். நீ பொறுமையாக, "அம்மா, இது கடுதாசியில ஓட்டை போடுற விளையாட்டு. வேற ஒண்டுமில்லை" என்றாய். அதுவே என்னை இன்னும் கோபப்படுத்தியது. அடுத்த சனிக்கிழமை உன்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வருவது என்று முடிவுகட்டி, நல்ல சப்பாத்தாகப் போட்டுக்கொண்டு அந்தக் கிளப்புக்கு வந்தேன்.

வந்து பார்த்தால் ஒரு மூலையில் கோப்பியும் அப்பிள் கேக்கும். ஆட்கள் சத்தமில்லாமல் இருந்து, முறை வந்ததும் எழும்பிப்போய், தாங்கள் போட்ட ஓட்டைகளைத் தாங்களே எண்ணி, தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். முந்திக்கொண்டு போக ஒருவரும் இல்லை. எங்கள் கோயிலில் அன்னதான வரிசையில்கூட இவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை. நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாய். வீட்டில் உன் தோள் இரண்டும் எப்போதும் காதுக்குக் கிட்டத்தான் இருக்கும். அன்றைக்கு அவை கீழே இறங்கியிருந்தன. சுட்டு முடித்துக் கடுதாசியைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாய். குளியல் தொட்டிக்குள் தண்ணீர் அடித்து விளையாடுகிற காலத்தில் கேட்ட சிரிப்பு. அதற்குப் பிறகு படிப்பு, ரியூசன், பரதநாட்டியம், ஞாயிறு தமிழ்ப் பள்ளி என்று உன்னை ஓடவிட்டதில் அந்தச் சிரிப்பு எங்கேயோ தவறிப்போயிருந்தது. இழுக்க வந்த நான் கேக் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த சனிக்கிழமை ஒரு பெட்டி நிறைய றோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தேன். உங்களைப் பழக்குகிற ரூடி ஒன்றைக் கடித்தார், கண் கலங்கினார், தண்ணீர் குடித்தார், இரண்டாவதை எடுத்தார். அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் நல்ல மரியாதை. நாங்கள் சுவிஸ் பாஸ்போட் எடுத்திருக்காவிட்டால், இலங்கைப் பாஸ்போட்டோடு உனக்குப் பிஸ்டல் வாங்கச் சட்டம் இடம் தந்திருக்காது என்று சொன்னதும் அவர்தான். எங்கள் ஆட்களையும் துவக்கையும் ஒன்றாக நினைத்தால் மற்றவர்களுக்கு நெஞ்சு இடிக்கிறது போலும். நான் பிழை சொல்லமாட்டேன், எனக்கும் இடித்ததுதானே.

கிளப்பின் அந்தப் பழைய பிஸ்டலை நீ எவ்வளவு நேசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். முன்னொரு காலத்தில் இந்த நாட்டு இராணுவம் பாவித்த மாதிரி. முழுக்க உருக்கு. மேல்பாகம் கீழ்ப்பாகத்துக்குள் புகுந்து ஓடுகிற விதத்தை நீ எனக்குக் காட்டினாய். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல்கூடப் போகாது. இரண்டிலும் ஒரே இலக்கம் வெட்டியிருக்கும், ஒன்றை மற்றதுக்காகவே செய்தார்கள் என்றாய். அதைச் சொல்லும்போது உன் குரல் குழைந்தது. மயூரனைப் பற்றிச் சொல்லும்போதுகூட அவ்வளவு குழையவில்லை, இதை அவனுக்குக் காட்டும்போது இந்த வரியை மறைத்துக்கொள். ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் இருக்கிற சின்னச் சுத்தியல் பாய்ந்து வந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சதையைக் கடிக்கும். முதல் தரம் நீ இரத்தத்தோடு வந்தபோது நான் அலறினேன். நீ பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு, "நல்லாச் சுடுற எல்லாருக்கும் இந்தக் காயம் இருக்கும் அம்மா" என்று பெருமையாகச் சொன்னாய்.

பிறகு போன வருடம் உன் புள்ளிகள் இறங்கத் தொடங்கின. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுகிற விதத்திலேயே எனக்கு விளங்கிவிடும். ஒருநாள் கோப்பி குடிக்கும்போது ரூடியிடம் கேட்டேன். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்: "அவளின் கண்ணில் பிழை இல்லை. கைக்குத்தான் ஞாபகம் அதிகம். வெடி போகும் முன்னமே கடி வரப்போகிறது என்று கை பின்வாங்குகிறது. இது எவருக்கும் வரும்." அவர் உன்னிடமும் சொன்னார். அந்தக் கொம்பனியின் புதிய பதிப்பில் பின்பக்கம் ஒரு வால் நீண்டு கையை மூடுகிறது, சுத்தியல் கடிக்காது, அதை ஒருதரம் பிடித்துப் பார் என்றார். நீ கேட்கவில்லை. "என்ர பலவீனத்துக்கு ஏன் பிஸ்டலை மாத்த வேணும்?" என்று அவரிடமே கேட்டாயாம். அவர் தோளைக் குலுக்கிவிட்டு என் றோல்ஸை எடுத்தார். எனக்கு அந்தக் கேள்வி எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. ஆனால் எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

கடைக்குப் போன நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சின்னம்மாவை நான் கூப்பிடவே இல்லை என்று சத்தியம் செய்தாலும் நீ நம்பமாட்டாய். பிஸ்டல் பார்க்கப் போகிறோம் என்று தொலைபேசியில் வாய்தவறிச் சொன்னேன், அவ்வளவுதான். சூக் நகரத்தில் பார்க்கிற றெஸ்ரோறன்ற் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பட்டுச் சேலையோடும் புளிச்சோற்றோடும் வந்து இறங்கிவிட்டாள். பெண் பார்க்கப் போகிற கோலத்தில் மூன்று பேர் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் பச்சைத் துணி விரித்து, பழையதை ஒரு பக்கமும் புதியதை மறுபக்கமும் வைத்தார். சின்னம்மா இரண்டையும் குனிந்து பார்த்துவிட்டு, "பழசு கொஞ்சம் கறுப்புத்தான், ஆனா முகவெட்டு இருக்கு" என்றாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "சின்னம்மா, கொஞ்சம் சும்மா இருங்கோ" என்றாய். "ஏன், கேட்டால் என்ன? இதில வேற கலர் இருக்கோ எண்டு அவரைக் கேள் பிள்ளை" என்றாள். நீ கேட்கவில்லை. அவளே தன் ஜெர்மனில் கேட்டாள். அவரும் மரியாதையாக, இல்லை, வெள்ளியும் கறுப்பும் கலந்தது மட்டும்தான் என்றார்.

நான் என் வேலையைத் தொடங்கினேன். பாரம் கூட என்றேன். பாரம் கூடினால்தான் கை ஆடாது என்றார். பழையதில் குண்டு போடுகிற மகஸினைக் கழற்ற அடியில் நெம்ப வேண்டும், புதியதில் ஏன் பக்கத்தில் பொத்தான் வைத்தீர்கள் என்றேன். பெருவிரலாலேயே அமத்தலாம், மற்றக் கை தேவையில்லை என்றார். குறி பார்க்கிற துண்டைத் திருகலாம் போல இருக்கிறதே, ஆடாதோ என்றேன். திருகி, பூட்டி, ஆட்டிக் காட்டினார். பிடியின் மரம் இவளுடைய சின்னக் கைக்கு மொத்தம் என்றேன். அதை மட்டும் அவர் ஒத்துக்கொண்டார், மெல்லிய பிடி வாங்கி மாற்றலாம் என்றார். கடைசியில் என்னுடைய பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன்: பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பீர்களா? அனுமதிப் பத்திரத்தில் ஒருதரம் பதிந்துவிட்டால் திருப்ப முடியாது அம்மணி, அதனால் இப்போதே வடிவாக யோசியுங்கள் என்றார். இந்த நாட்டில் ஒரு கடைக்காரர் என்னிடம் இவ்வளவு நேராகப் பேசியது அதுவே முதல் தரம். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பிறகு கீழே உள்ள கூடத்தில் உன்னைச் சுட விட்டார். முதலில் பழையது. ஓட்டைகள் கடுதாசி முழுக்கச் சிதறிக் கிடந்தன, உன் கையிலும் சிவப்பு. பிறகு புதியது. நானும் சின்னம்மாவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காதுக் கவசத்தோடு நின்றோம். கடுதாசி ஓடி வந்தது. எல்லா ஓட்டைகளும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கியிருந்தன. சின்னம்மா கைதட்டினாள். நீ கடுதாசியைப் பார்த்தாய். பிறகு உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அதில் ஒன்றுமே இல்லை. சிரிப்பாய் என்று நான் காத்திருந்தேன். நீயோ விருந்துக்கு முன்னம் களவாகப் பலகாரம் எடுத்துத் தின்ற பிள்ளையின் முகத்தோடு பிஸ்டலை மெதுவாக வைத்துவிட்டு, "வேண்டாம்" என்றாய். கடைக்காரர் அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். சின்னம்மாதான் படியேறி வரும்வரைக்கும், "இவ்வளவு வடிவாச் சுட்டுப்போட்டு ஏன் வேண்டாமாம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ரயிலில் புளிச்சோறு சாப்பிட்டோம். யன்னலைப் பார்த்துக்கொண்டு நீ மெதுவாகச் சொன்னாய்: "அதால சுடுறது லேசா இருந்திச்சு அம்மா. அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை." நான் வாய்க்குள் வைத்த சோற்றை விழுங்க மறந்துபோனேன். ரூடியிடம் நீ கேட்ட கேள்வி எங்கே கேட்டது என்று அந்த நேரத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. அது என்னுடைய கேள்வி. உனக்கு அதைப் பால் ஊட்டியதுபோல் ஊட்டியவளே நான்தான்.

எங்கள் ஆட்களுக்கு நொந்தால்தான் நம்பிக்கை. மருந்தென்றால் கசக்க வேண்டும். எண்ணெய் வைத்தால் கண் எரிய வேண்டும். பள்ளிக்கூடச் சப்பாத்துக் கடித்தபோது, "போகப் போகப் பழகும்" என்று உனக்குச் சொன்னேன். அது பழகும் முன்னம் உன் கால் வளர்ந்துவிட்டது. பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்துக்கொண்டு வந்து, "சுகமா இருந்திச்சு அம்மா" என்று நீ சொன்னால், "அப்ப எல்லாருக்கும் கூடத்தான் கிடைச்சிருக்கும்" என்பேன். போன மாதம் கூறைச்சேலை எடுக்கப் போனபோதுகூட, மெல்லியதாக ஒன்றை நீ தோளில் போட்டு அப்படியே நின்றாய். நான் அதை எடுத்துவிட்டு, மூச்சு முட்டுகிற பாரத்தில் சரிகை வைத்த ஒன்றைப் போட்டு, "இதுதான் கூறை" என்றேன். நீயும் ஓம் என்றாய். நான் சொல்வதற்கு நீ அவ்வளவு கெதியில் ஓம் சொல்கிறபோது சந்தோஷப்படுகிற ஆள் நான். அந்த ரயிலில் எனக்கு அது சந்தோஷமாக இல்லை.

இடியப்ப உரல் கதையைக் கேள். கலியாணமாகி இங்கு வந்தபோது மர உரல் ஒன்றைக் கொண்டுவந்தேன். இரண்டு கையாலும் அமத்திப் பிழிய வேண்டும். உள்ளங்கையில் கொப்புளம் வரும், மணிக்கட்டு வீங்கும். கைபிடியைச் சுற்றினால் தானாகப் பிழிகிற புது உரல் ஒன்று தமிழ்க் கடைக்கு வந்தது. சின்னம்மா உடனே வாங்கினாள். நான் அதை "விளையாட்டுச் சாமான்" என்று பகிடி பண்ணினேன், அவள் வீட்டு இடியப்பத்தில் ருசி இல்லை என்று ஊர் முழுக்கச் சொன்னேன். பிறகு மணிக்கட்டு ஒரேயடியாகப் போய், டொக்டர் பட்டி கட்டிவிட்டபோது, சின்னம்மா தன்னுடையதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஒரு கையால் சுற்றினேன். அதே மா, அதே தண்ணி, அதே இடியப்பம். உன் அப்பா இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இண்டைக்கு நல்ல மெதுமையா வந்திருக்கு, கை நோவோட நீர் ஏன் கஷ்டப்பட்டனீர்?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இத்தனை வருடக் கொப்புளத்துக்கும் ருசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஒரு தட்டு இடியப்பம் எனக்குச் சொல்லிவிட்டது. சின்னம்மாவின் உரலை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆகவே போன சனிக்கிழமை, நீ மயூரன் வீட்டாரோடு கலியாண மண்டபம் பார்க்கப் போன நேரம், நான் கிளப்புக்குப் போனேன். ரூடி கேட்டதும் கடைக்காரர் அந்தப் புதிய பிஸ்டலைக் கொண்டுவந்திருந்தார். வாங்கப்போகிற சாமானை நானே ஒருதரம் பார்க்காமல் எப்படிச் சொல்வது? ரூடி பக்கத்தில் நின்று, கையை எங்கே வைப்பது, மூச்சை எப்போது விடுவது என்று சொன்னார். பிஸ்டல் கையில் வந்ததும் யன்னலைச் சாத்தின உன் அப்பாவை நினைத்தேன். பிறகு கடுதாசியைப் பார்த்தேன். அது கடுதாசிதான். அந்தப் பக்கத்தில் ஒரு ஆளும் இல்லை. விசையை அமத்தினேன். எனக்குத் தந்த வெடிகள் முடிந்து பார்த்தால் என் கடுதாசியில் இரண்டே ஓட்டை. பக்கத்து இடத்தில் சுட்ட மனிதர் தன்னுடையதில் கூடுதலாக ஒரு ஓட்டை இருப்பதைக் கண்டு, அதுவும் நடுவில் இருப்பதைக் கண்டு, எனக்குக் கைகொடுத்து நன்றி சொன்னார். மிச்சம் எங்கே போனதென்று கடவுளுக்குத்தான் தெரியும். நான் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆரணி. அடக்க முடியாமல் வந்தது. ரூடியும் சிரித்தார், கடைக்காரரும் சிரித்தார்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு வேலை செய்துவிட்டேன், அதை நீ என் வாயாலேயே கேட்பது நல்லது. புதுக் கார் வந்தாலும், புதுக் குளிர்பெட்டி வந்தாலும் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். என் கைப்பைக்குள் கோயில் குங்குமம் எப்போதும் இருக்கும். யோசிக்காமலே விரலில் தொட்டு, பிடியின் மரத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். கடைக்காரர் ஓடி வந்தார். மரத்தில் வெட்டியிருக்கிற நுண்ணிய கோடுகளுக்குள் குங்குமம் இறங்கிவிட்டது, துடைக்கத் துடைக்க இன்னும் சிவந்தது. "இது என்ன?" என்று ரூடி கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு சாமானுக்குப் பொட்டு வைத்தால் அது வீட்டுக்கு வந்த மாதிரி, அதற்குப் பிறகு மற்றவர்களுக்குக் கொடுப்பதில்லை என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது மாத முடிவுவரைக்கும் உங்கள் மகளுக்காக இருக்கட்டும் என்று பெட்டிக்குள் வைத்தார்.

பொட்டுக்காக வாங்கிவிடாதே. எப்படியும் மெல்லிய பிடி மாற்றத்தானே வேண்டும், அந்தச் சிவந்த பிடியை நான் காசு கொடுத்து எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். பிஸ்டலைப் பற்றி மட்டும் கேட்கிறாய் என்றால் என் முடிவு இது: வாங்கு. குறை இருக்கிறது. பழையதின் அந்த முகவெட்டு இதற்கு இல்லை, பளபளப்புக் கொஞ்சம் கூட, விலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. நாளைக்கு அதைக் கிளப்பில் கண்டால் யாராவது ஒரு வயசாளி, இது அசல் இல்லையே என்று சொல்லத்தான் செய்வார். சொல்லட்டும். மேலும் கீழும் அதே இறுக்கம். அதே இடத்தில் அதே மாதிரி அடிக்கிறது. கொம்பனி எடுத்துவிட்டது கடியை மட்டும்தான். அந்தக் கடியைத்தான் நீ அசல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பூட்டு உள்ள நல்ல இரும்பு அலுமாரி ஒன்றை மயூரனோடு போய் வாங்கு. ஷாஃப்ஹவுசனில் உள்ள கிளப்பின் பெயரை ரூடி எழுதித் தந்திருக்கிறார், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். கலியாணத்துக்குப் பிறகும் சனிக்கிழமை சனிக்கிழமைதான். கூறைச்சேலைக் கடையிலும் கேட்டுவிட்டேன், அந்த மெல்லியது இன்னும் இருக்கிறதாம், நாளைக்கு அதையே மாற்றி எடுக்கிறேன்.

இனி, நான் உண்மையாகவே எழுத வந்த விஷயம். கூறை எடுத்த அன்று பின்னேரம் நீ எனக்கு வெங்காயம் வெட்டித் தந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய்: "அம்மா, மயூரனோட எனக்குச் சண்டையே வருகுதில்லை. இவ்வளவு காலமாப் பழகிறம், ஒருநாளும் வரேல்லை. இது சரியோ?" நான் சட்டியைக் கிளறிக்கொண்டே, "அவசரப்படாதை, போகப் போக வரும்" என்றேன். நீ சிரித்தாய். நானும் நல்ல பகிடி விட்டதாக நினைத்துக்கொண்டேன். ஆனால் நீ பகிடிக்குக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டிருக்கிறாய். ரயிலில் அந்தப் பிஸ்டலைப் பற்றி நீ சொன்ன அதே குரல் அது என்று எனக்கு இப்போது தெரிகிறது.

நான் சொன்ன பதில் பிழை, பிள்ளை. சண்டை வராவிட்டால் வராமலே இருக்கட்டும். அவன் எங்கள் மேசையில் வந்து இருந்ததும், நீ பாதியில் தள்ளிவைத்த சோற்றுக் கோப்பையை இழுத்து மிச்சத்தையும் சாப்பிடுகிறாய்; நீ கவனிக்கவில்லை, நான் ஒவ்வொரு முறையும் கவனித்திருக்கிறேன். உன் அப்பாவும் நானும் எத்தனையோ சண்டை பிடித்துத்தான் இந்த இடத்துக்கு வந்தோம், அது எங்கள் கதை. நீயும் அதே வழியால் வந்தால்தான் கணக்கு என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. நோகாமல் வந்ததும் உன்னுடையதுதான். பயப்படாமல் வைத்துக்கொள்.

அம்மா